இங்கிலீஷ் புரியுது... பேசத்தான் வரமாட்டேங்குது! - வீட்டிலிருந்தே பழக எளிய வழிகள்

செல்போனில் வரும் இங்கிலீஷ் மெசேஜ் புரிகிறது. கிரிக்கெட் கமென்ட்ரி புரிகிறது. பிள்ளையின் ஸ்கூல் டைரியில் மிஸ் எழுதி அனுப்பும் குறிப்பும் புரிகிறது. ஆனால், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அதே மிஸ் எதிரில் உட்கார்ந்து, 'ஹவ் இஸ் ஹி அட் ஹோம்?' என்று கேட்டால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. 'குட் மிஸ்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறோம். சொல்லியிருக்க வேண்டிய பதிலெல்லாம், வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் வரிசையாக வந்து நிற்கும்.

இல்லத்தரசிகளுக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. நல்ல மார்க் வாங்கிய கிராமத்துப் பட்டதாரி, இன்டர்வியூவின் குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்காமல் வெளியே வருகிறார். பாடத்தில் அவரைவிடப் பின்தங்கியவர் வேலையை வாங்கிக்கொண்டு போகிறார். அறிவில் குறை இல்லை, பழக்கத்தில்தான் குறை. பழக்கம் என்றால், பழகினால் வந்துவிடும்தானே?

படித்தும் ஏன் பேச்சு வரவில்லை?

கனடாவில், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் நடத்தும் திட்டம் உண்டு. வருடக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகள், பிரெஞ்சை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ஆனால், பேசும்போதும் எழுதும்போதும் நிறைய தடுமாறினார்கள். இதைக் கவனித்த மொழியியல் பேராசிரியர் மெர்ரில் ஸ்வெய்ன், 1985-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். 'காதால் கேட்பது மட்டும் போதாது. வாயால் பேசிப் பார்க்கும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பதே நமக்குத் தெரியவரும்' என்பது அதன் சாரம்.

நம் கதையும் இதேதான். 12 வருடம் இங்கிலீஷ் படித்தோம், எழுதினோம், பரீட்சையில் பாஸும் ஆனோம். அத்தனை வருடத்தில் வாய் திறந்து சொந்தமாகப் பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், ஒரு நாள்கூடத் தேறாது. கரையில் உட்கார்ந்து நீச்சல் புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும், கிணற்றில் இறங்காமல் நீச்சல் வருமா?

வார்த்தைக்கும் பஞ்சமில்லை. அன்றாட ஆங்கிலப் பேச்சில் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 வார்த்தைகளுக்குள் அடங்கிவிடும் என்கின்றன ஆய்வுகள். பஸ், டிக்கெட், சிலிண்டர், ஃபீஸ், லீவு, டென்ஷன் என்று அதில் கணிசமானவற்றைத் தமிழோடு சேர்த்துத் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

'பீட்டர்' பயம்

நம் ஊரில் இங்கிலீஷ் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்பார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினாலும் கிண்டல், தப்பாகப் பேசினாலும் கிண்டல் என்றால், யாருக்குத்தான் வாய் திறக்கும்?

இந்தக் கூச்சம் ஆங்கிலத்துக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை. நம் கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு 'கேட்டமரான்' என்றார்கள். மிளகுத்தண்ணியை 'மல்லிகடானி' சூப் ஆக்கினார்கள். சுருட்டு 'ஷெரூட்' ஆனது. நம் 'அய்யோ'கூட 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. நம் வார்த்தைகளை அவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும்போது வெட்கப்படவில்லை. அவர்கள் மொழியை நாம் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் பேசுவதற்கு எதற்கு வெட்கம்?

தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

பேசும்போது திணறுவதற்கு முக்கியக் காரணம், தமிழில் யோசித்து அதே வரிசையில் இங்கிலீஷைக் கோக்கப் பார்ப்பது. இரண்டு மொழிகளின் அமைப்பும் ஏறக்குறைய நேர்எதிர்.

'நான் நேற்று மார்க்கெட்டுக்குப் போனேன்.' இதில் 'நான்' என்பதை மட்டும் முதலில் வைத்துவிட்டு, மற்றதைப் பின்னாலிருந்து படியுங்கள். போனேன் - கு - மார்க்கெட் - நேற்று. அப்படியே ஆங்கிலம் வந்துவிட்டது: 'ஐ வென்ட் டு த மார்க்கெட் எஸ்டர்டே.' 'மேஜை மேல்' என்பது 'ஆன் த டேபிள்' ஆவதும் இப்படித்தான். எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், ஆரம்பத்தில் நல்ல கைப்பிடி. 'யார், என்ன செய்தார்' என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிடுங்கள். எங்கே, எப்போது, எதற்கு என்பதெல்லாம் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. தமிழில் 'நீ எங்கே போகிறாய்' என்று கேள்விச்சொல்லைச் சேர்த்தால் போதும். அதே பழக்கத்தில் 'வேர் யூ ஆர் கோயிங்?' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஆர்' முன்னால் தாவவேண்டும்: 'வேர் ஆர் யூ கோயிங்?'

நாம் சொல்வதும்... சொல்ல வேண்டியதும்!

தமிழிலிருந்து நேராக இறங்கும் சில வாக்கியங்கள் இவை. காரணம் தெரிந்தால் திருத்துவது சுலபம்.

* 'இன்று காலை' என்பதை 'டுடே மார்னிங்' என்கிறோம். 'திஸ் மார்னிங்' என்பதே சரி. அதேபோல 'எஸ்டர்டே நைட்' அல்ல, 'லாஸ்ட் நைட்'.

* 'ஃபேன் போடு' என்பது 'புட் த ஃபேன்' ஆகாது. 'டர்ன் ஆன் த ஃபேன்' என்று சொல்லுங்கள்.

* 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்பதற்கு 'ஐ ஆம் ஹேவிங்' வேண்டாம். 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்' போதும்.

* 'ஐ டிடின்ட் வென்ட்' என்பது பலருக்கும் வரும் தவறு. 'டிட்' வந்தாலே இறந்தகாலம் அதற்குள் அடங்கிவிட்டது. எனவே, 'ஐ டிடின்ட் கோ'.

* 'அஞ்சு வருஷமா இங்கே இருக்கேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வோம். அதனால் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. சரியானது, 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்'. எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்'.

* 'கஸின் பிரதர்' என்கிறோம். அத்தை பையன், சித்தப்பா பெண் என்று தனித்தனி உறவு சொல்லிப் பழகிய நமக்கு 'கஸின்' என்று மட்டும் சொன்னால் மனம் ஒப்பாதுதான். ஆங்கிலத்தில் ஆணோ, பெண்ணோ 'கஸின்' மட்டுமே.

* 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்' என்ற இரண்டிலும் இரண்டாவது வார்த்தையை எடுத்துவிடுங்கள். 'டிஸ்கஸ்', 'ரிட்டர்ன்' போதும்.

உச்சரிப்பு... எங்கே அழுத்துவது?

வெள்ளைக்காரரைப்போலப் பேசவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எதிரில் இருப்பவருக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான். அதற்கு மிகவும் உதவுவது, வார்த்தையில் எந்த இடத்தை அழுத்துகிறோம் என்பது.

தமிழில் எல்லா எழுத்தையும் ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்வோம். ஆங்கிலத்தில் ஓர் அசையை ஓங்கிச் சொல்லி, மற்றவற்றை லேசாக விட்டுவிடுவார்கள். 'ஹோட்டல்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். 'ஹோ-டெல்' என்று சொல்லிப் பாருங்கள். 'டெவலப்' என்பதிலும் நடுவில்தான் அழுத்தம்: 'டி-வெ-லப்'. 'வெஜிடபிள்' என்பதை 'வெஜ்-ட-பிள்' என்று மூன்றாகச் சுருக்கிச் சொல்வார்கள். 'டேபிள்' என்ற ஒலியே அதில் வராது.

தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்தை இரண்டு ஒலிகளுக்கும் பயன்படுத்துவதால், 'பேக்' என்று எழுதினால் கையில் பிடிக்கும் பையா, பொருளைக் கட்டுவதா என்று குழப்பம் வரும். பேசும்போது இந்த வேறுபாட்டைக் காட்டுவது அவசியம். உதட்டுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். பொருளைக் கட்டும் 'பேக்' சொல்லும்போது கையில் காற்று படவேண்டும்; பை என்ற பொருளில் சொல்லும்போது அவ்வளவாகப் படாது.

பேச ஆள் இல்லையா? ஐந்து பயிற்சிகள்!

1. வேலையோடு பேச்சு: செய்யும் வேலையை உங்களுக்கு நீங்களே இங்கிலீஷில் சொல்லுங்கள். 'ஐ ஆம் சாப்பிங் ஆனியன்ஸ்', 'த மில்க் இஸ் பாய்லிங் ஓவர்', 'ஐ ஃபர்காட் டு ஸோக் த ரைஸ்'. நடுவில் ஏதாவது வார்த்தை வராமல் நிற்கும். துணியைக் கொடியில் காயப்போடுவதற்கு என்ன சொல்வது? நின்ற இடத்தை மட்டும் ஒரு சீட்டில் குறித்துவையுங்கள். இரவில் தேடினால், 'ஹேங் அவுட் த க்ளோத்ஸ்' என்று கிடைக்கும். மறுநாள் அதையே மூன்று முறை சொல்லிவிட்டால், அது உங்கள் சொத்து.

2. நிழல்போலத் தொடருங்கள்: மொழிபெயர்ப்பாளர்களைப் பழக்குவதற்குப் பயன்படும் முறை இது. பெயர் 'ஷேடோயிங்'. ஒருவர் பேசும் ஆடியோவைக் கேட்டபடியே, ஓரிரு வார்த்தைகள் பின்னால் நாமும் கூடவே சொல்லிக்கொண்டு போகவேண்டும். பி.பி.சி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி இதற்கு ஏற்றது, இலவசமாகவே கிடைக்கிறது. 6 நிமிடத்தையும் ஒரே நாளில் முடிக்கவேண்டாம். ஒரே ஒரு நிமிடத்தை எடுத்து ஐந்து முறை சொல்லுங்கள்.

3. நான்கு, மூன்று, இரண்டு: நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் ஆராய்ந்து எழுதிய பயிற்சி. ஒரு விஷயத்தைப் பற்றி 4 நிமிடம் பேசவேண்டும். அதே விஷயத்தை அடுத்து 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில் சொல்லி முடிக்கவேண்டும். மூன்றாம் முறை திக்கலும் திணறலும் குறைந்திருப்பதை உங்கள் காதே சொல்லும். 4 நிமிடம் மலைப்பாக இருந்தால் 2, ஒன்றரை, 1 என்று ஆரம்பியுங்கள். போனில் பதிவு செய்து, மாதம் ஒன்றைச் சேமித்துவையுங்கள். நான்கு மாதம் கழித்துக் கேட்டால், முன்னேற்றம் உங்களுக்கே தெரியும்.

4. போனே வாத்தியார்: கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்தி, மொழியை 'இங்கிலீஷ் - இந்தியா' என்று வைத்துவிட்டுப் பேசுங்கள். நீங்கள் சொன்னதை அது டைப் செய்து காட்டும். தவறாகக் காட்டிய வார்த்தையை மறுபடி சொல்லிப் பாருங்கள். சில நேரம் தவறு போனுடையதாகவும் இருக்கும், மனம் தளரவேண்டாம்.

முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பழகச் சொல்லும் ஆப்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. போன் நம்பர், முகவரி, பேங்க் விவரம், ஓ.டி.பி எதையும் சொல்லக் கூடாது.

5. சாப்பாட்டு நேரத்தில் 10 நிமிடம்: இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் எல்லோரும் 10 நிமிடம் இங்கிலீஷ் மட்டுமே பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றுதான்: ஒருவர் பேசி முடிக்கும்வரை யாரும் திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. 2012-ல் வந்த ஸ்ரீதேவியின் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மாவைக் காயப்படுத்தியது ஆங்கிலம் அல்ல, சொந்த வீட்டின் சிரிப்பு. பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'வாட் இஸ் திஸ், நோ சால்ட்!' என்று அவர் சொன்னாலும் அது பேச்சுதான்.

மாட்டிக்கொண்டால் கைகொடுக்கும் வாக்கியங்கள்

பேச்சு நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? சில வாக்கியங்களை முழுதாக மனப்பாடம் செய்துவைத்தால் அப்போது உதவும்.

* புரியவில்லை என்றால்: 'ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?'

* வேகமாகப் பேசினால்: 'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?'

* யோசிக்க நேரம் வேண்டும் என்றால்: 'லெட் மி திங்க் ஃபார் எ மொமன்ட்.'

* வார்த்தை வரவில்லை என்றால்: 'ஐ டோன்ட் நோ த வேர்டு, பட் இட் இஸ் யூஸ்டு ஃபார்...' என்று ஆரம்பித்து, அதன் பயனைச் சொல்லுங்கள். இடுக்கிக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், சூடான பாத்திரத்தை இறக்குவதற்கு என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

கிளாஸில் சேருவதற்கு முன்...

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர நினைத்தால், ஃபீஸைக் கேட்பதற்கு முன் ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் 30 பேர் இருந்து, வாத்தியார் பேசவே செய்யாவிட்டாலும் ஆளுக்கு 2 நிமிடம்தான் கிடைக்கும். அவர் பாதி நேரம் இலக்கணம் நடத்தினால் அதுவும் ஒரு நிமிடமாகிவிடும். ஒருவர் நிஜமாக எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று பார்க்க, ஒரு நாள் உட்கார அனுமதி கேளுங்கள். '30 நாளில் சரளம்' என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கவேண்டாம். தினமும் 20 நிமிடம் விடாமல் பேசினால் ஒரு மாதத்தில் 10 மணி நேரம் ஆகிறது. ஃபீஸ் கட்டியும் பல வகுப்புகளில் இந்த நேரம் கிடைப்பதில்லை.

தமிழில் நாலு பேரைச் சிரிக்கவைக்கவும், காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும், அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தவும் தெரிந்தவர் நீங்கள். பேசும் திறமை ஏற்கெனவே கையில் இருக்கிறது. இன்னொரு மொழிக்கு அதைப் பழக்குவது மட்டும்தான் பாக்கி. இன்று இரவு என்ன டிபன் என்று வீட்டில் கேட்பார்கள் அல்லவா? அந்தப் பதிலை இங்கிலீஷில் சொல்லுங்கள். 'தோசா வித் டொமேட்டோ சட்னி. ஹவ் மெனி டூ யூ வான்ட்?'