அடுக்குப் பலகைகளில் ஓர் அதிர்வெண்மானி

அடுக்கு டிபன் கேரியரை நாம் அனைவரும் அறிவோம். சோறு ஓர் அடுக்கில், குழம்பு ஓர் அடுக்கில், பொரியல் ஓர் அடுக்கில். ஒன்றைக் கழற்றிக் கழுவும்போது மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. எல்லா அடுக்குகளும் ஒரே விட்டத்தில் அமைந்திருப்பதே இந்த வசதிக்குக் காரணம். வீட்டில் செய்யும் மின்னணுச் சோதனைக் கருவிகளுக்கும் இதே முறை பொருந்தும். ஒரு பெரிய பலகையில் எல்லாவற்றையும் நெருக்கிப் பற்றவைக்காமல், வேலைக்கு ஒன்றாகச் சிறு பலகைகள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி விடலாம். ஒரு பலகை பழுதானால் அதை மட்டும் கழற்றிச் சோதிக்கலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. சுற்றிலும் தொழிற்சாலைகள், அவற்றில் தரச்சோதனைப் பிரிவுகள். உதிரிப்பாகம் வேண்டுமானால் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டிச் சுமார் 40 கி.மீ. சென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைவீதி. ஆனால் பாகங்களை வாங்கிப் பற்றவைப்பது பாதி வேலைதான். கருவி காட்டும் எண்ணை நம்பலாமா என்பதே முக்கியமான கேள்வி. பொய் சொல்லும் அளவுகருவி, கருவி இல்லாததைவிட மோசமானது.

கடிகாரத்திலிருந்து தொடங்குவோம்

எடுத்துக்காட்டாக, ஒரு நொடியில் எத்தனை அலைவுகள் நிகழ்கின்றன என்று எண்ணிக் காட்டும் அதிர்வெண்மானியை எடுத்துக்கொள்வோம். அதன் இதயம் ஓசூருக்கு நன்கு பழக்கமான பொருள். தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில்தான் உள்ளது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் உள்ளே இசைக்கவை வடிவில் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது என்ன விநோதமான எண்? இரண்டை 15 முறை பெருக்கினால் வருவது. எனவே 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

சி.டி. 4060 என்ற ஐ.சி. இதை 14 முறை பாதியாக்கி, நொடிக்கு 2 துடிப்புகள் தரும். சி.டி. 4013 மேலும் இரு முறை பாதியாக்கும். இறுதியில் ஒரு நொடி திறந்து, ஒரு நொடி மூடியிருக்கும் ஒரு ‘கதவு’ கிடைக்கிறது. திறந்திருக்கும் நொடியில் உள்ளே நுழையும் அலைவுகளை எண்ணினால் அதுவே அதிர்வெண்.

இதற்கு நான்கு பலகைகள் போதும். முதலாவது மின்வழங்கி, 7805 ஐ.சி. மூலம் 5 வோல்ட் தருவது. இரண்டாவது, படிகம் உள்ள காலப் பலகை. மூன்றாவது, வரும் அலையைப் பெருக்கிச் சீரான துடிப்பாக்கும் உள்ளீட்டுப் பலகை. நான்காவது, எண்ணிக் காட்டும் பலகை. 230 வோல்ட் மின்சாரத்தை அடுக்கினுள் கொண்டு வரவே கூடாது. கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டரே போதும்.

முதலில் உடன்படிக்கை, பிறகு பலகை

பலகையை வரையுமுன் இணைப்பு ஊசிகளின் வரிசையைத் தாளில் எழுதி முடிவு செய்ய வேண்டும். 2.54 மி.மீ. இடைவெளியில் எட்டு எட்டாக இரு வரிசை, மொத்தம் 16 ஊசிகள் என்று கொள்வோம். நான்கு மூலைத் துளைகளும் எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் வர வேண்டும். சாதாரண அடுக்குச் செருகிகள் இரு பலகைகளுக்கு இடையே சுமார் 11 மி.மீ. இடம் விடும். அதைவிட உயரமான மின்தேக்கிகளைப் படுக்க வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

இந்த உடன்படிக்கை எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு கதை உண்டு. 2005-இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுவினோ பலகையில், ஒரு பக்கத்து ஊசி வரிசைகளுக்கு நடுவே 2.54 மி.மீ.க்குப் பதிலாக 4.06 மி.மீ. இடைவெளி அமைந்துவிட்டது. அதன்மேல் செருகும் பலகைகளைப் பலரும் செய்யத் தொடங்கிய பின் அதைத் திருத்த வழியில்லை. திருத்தினால் பழைய பலகைகள் எதுவும் பொருந்தா. தொழிற்சாலைக் கணினிகளுக்காக 1992-இல் பி.சி./104 என்ற அடுக்கு முறைக்குத் தரம் வகுத்தவர்கள் பலகையின் அளவு, துளைகளின் இடம், பலகைகளுக்கு இடையே 15.24 மி.மீ. இடைவெளி எனயாவற்றையும் முன்கூட்டியே நிர்ணயித்தார்கள். அதன் பெயரிலுள்ள 104 என்பது ஊசிகளின் எண்ணிக்கையே.

தரையில் ஓடும் ஆறு

சுற்றுப்படத்தில் ‘தரை’ என்று ஒரு குறி போடுகிறோம். அங்கெல்லாம் சுழி வோல்ட் என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் எல்லா மின்னோட்டமும் இந்தத் தரை வழியாகத்தான் மின்வழங்கிக்குத் திரும்புகிறது. அந்த வழிக்கும் தடை உண்டு.

அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பலகையின் செப்புப் படலம் வழக்கமாக 35 மைக்ரான் தடிப்புள்ளது. அதில் ஒரு சதுரத் துண்டின் தடை, அது பெரிதானாலும் சிறிதானாலும், சுமார் 0.5 மில்லி ஓம். 0.5 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் உள்ள செப்புப் பாதையில் 200 சதுரங்கள். ஆகவே அதன் தடை 0.1 ஓம்.

இப்போது ஆறு இலக்கங்களைக் காட்டும் பலகையைப் பாருங்கள். ஓர் ஒளிக்கீற்றுக்கு 5 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். ‘1’ என்ற இலக்கத்துக்கு 2 கீற்றுகள். ‘8’ என்ற இலக்கத்துக்கு 7. ஆறும் ‘1’ ஆனால் 60 மில்லி ஆம்பியர்; ஆறும் ‘8’ ஆனால் 210 மில்லி ஆம்பியர். எண்ணிக்கை ஓடும்போது ஓட்டம் இவ்விரண்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். அந்த 0.1 ஓம் பாதையில் தரையின் அழுத்தம் 6 முதல் 21 மில்லி வோல்ட் வரை ஆடும்.

உள்ளீட்டுப் பலகையும் அதே பாதையைத் தரையாகக் கொண்டால் என்ன ஆகும்? 50 மில்லி வோல்ட் அளவே உள்ள, மெதுவாக ஏறும் அலை ஒன்று வருகிறது. தரை 15 மில்லி வோல்ட் ஆடுவதால் ஒரே அலை எல்லையை இருமுறை கடந்ததாகத் தோன்றலாம். கருவி ஒன்றை இரண்டாக எண்ணும். அதாவது, காட்டுகின்ற எண்ணே அளக்கின்ற எண்ணைக் கெடுக்கிறது!

இதற்கு மூன்று மருந்துகள் உண்டு. தரைப் பாதையை 5 மி.மீ. அகலமாக்கினால் தடை பத்தில் ஒரு பங்காகும். ஓர் ஊசித் தொடர்பின் தடை 20 மில்லி ஓம் என்றால், நான்கு ஊசிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 5 மில்லி ஓம்தான். எல்லாவற்றிலும் முக்கியமாக, காட்டும் பலகைக்கு ஒரு தரை, உள்ளீட்டுக்கும் காலப் பலகைக்கும் வேறொரு தரை என்று பிரித்து, இரண்டையும் மின்வழங்கியில் ஒரே புள்ளியில் மட்டும் சேர்க்க வேண்டும்.

ஆகவே நம் 16 ஊசிகளின் பங்கீடு இவ்வாறு அமையும்: 5 வோல்ட்டுக்கு 3, காட்டும் பலகையின் தரைக்கு 4, அமைதியான தரைக்கு 2, துடிப்பு, கதவு, சுழியாக்கம் ஆகிய சைகைகளுக்கு 3, பின்னாளைய தேவைக்கு 3, மீதி ஒன்றை வெட்டிவிட்டு, அதற்கெதிரான துளையை அடைத்துவிட வேண்டும். பலகையைத் திருப்பிச் செருக முயன்றால் அது உள்ளே போகாது. இந்த ஒரு வெட்டு பல ஐ.சி.க்களைக் காப்பாற்றும்.

வெப்பமும் நேரமும்

9 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 7805, கால் ஆம்பியர் ஓட்டத்தில் 1 வாட் வெப்பத்தை வெளியிடும். கடிகாரப் படிகம் சுமார் 25 டிகிரி செல்சியசில் சரியாக ஓடுமாறு செய்யப்படுவது. 45 டிகிரியில் அது பத்து இலட்சத்துக்குச் சுமார் 14 பங்கு மெதுவாகும். நாளொன்றுக்கு ஒரு நொடிக்கும் சற்று அதிகம். எனவே 7805-ஐப் பெட்டியின் வெளிச்சுவரில் வெப்பத்தகட்டுடன் பொருத்துங்கள். அடுக்கைப் படுக்க வைக்காமல், பலகைகள் செங்குத்தாக நிற்குமாறு பெட்டியில் அமைத்தால் சூடான காற்று இடையே மேலெழுந்து வெளியேறும்.

இறுதியாக, கருவியைச் சோதிக்க வேண்டும். காலப் பலகையின் நொடித் துடிப்புகளை ஒரு நாள் முழுதும் எண்ணி, கைபேசி காட்டும் நேரத்துடன் ஒப்பிடுங்கள். ஒரு நாளில் 86,400 நொடிகள். நம் பலகை 86,402 துடிப்புகள் தந்திருந்தால் அதன் நொடி சற்றே குறுகியது. 5,00,000 ஹெர்ட்ஸ் அலையை அது 4,99,988 என்று காட்டும். இந்தப் பிழை தெரிந்துவிட்டால் கணக்கில் திருத்திக் கொள்ளலாம். படிகத்தருகே ஒரு சிறு மாறு மின்தேக்கி வைத்தும் சரிசெய்யலாம்.

அந்தப் பிழையை ஒரு சீட்டில் தேதியுடன் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டுங்கள். தொழிற்சாலைகளின் அளவுகருவிகளிலும் சோதித்த நாள் எழுதிய சீட்டு இருப்பதைக் காணலாம். எவ்வளவு பிழை என்று தெரிந்த கருவியே நம்பத்தக்க கருவி. காலப் பலகையைச் சரிபார்த்த பிறகு, அதே 16 ஊசிகளின்மேல் மின்தேக்கியை அளக்க ஒரு பலகை, சைகை உண்டாக்க ஒரு பலகை என்று அடுக்கை வளர்த்துக்கொண்டே போகலாம்.