ஆறு பக்கம், அரை மணி நேர மௌனம்

அமேசான் நிறுவனத்தின் முக்கிய மீட்டிங்குகள் பேச்சில் தொடங்குவதில்லை. ஆளுக்கொரு பிரதி தரப்படும். ஆறு பக்கக் குறிப்பை எல்லாரும் மௌனமாகப் படிப்பார்கள். சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். இருபது நிமிடம், சில சமயம் அரை மணி நேரம்கூட இப்படிப் போகும். விவாதம் அதற்குப் பிறகுதான்.

இந்த வழக்கத்துக்கு வித்திட்டது 2004 ஜூன் 9 அன்று வந்த ஒரு மின்னஞ்சல். மேல்மட்டக் குழுக் கூட்டங்களில் இனி பவர்பாயின்ட் கூடாது, விஷயத்தை முழு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று நிறுவனர் ஜெஃப் பெசோஸ் உத்தரவிட்டார். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டஃப்டி, பவர்பாயின்ட்டைக் கடுமையாக விமர்சித்து எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு எடுத்த முடிவு அது.

டஃப்டி அலசிய ஸ்லைடுகளில் ஒன்று கொலம்பியா விண்கலம் தொடர்பானது. 2003 ஜனவரியில் விண்கலம் கிளம்பியபோது நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து இறக்கையில் மோதியது. ஆபத்து எவ்வளவு என்று நாசா அதிகாரிகளுக்கு விளக்கப் பொறியாளர்கள் ஸ்லைடுகள் தயாரித்தார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் அடியில், கடைசி வரியில் இரண்டு எண்கள் இருந்தன: 1,920 கன அங்குலம், 3 கன அங்குலம். முதலாவது, மோதிய துண்டின் மதிப்பிட்ட அளவு. இரண்டாவது, சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு. அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். உயிருக்கே ஆபத்து என்பதை அந்த ஸ்லைடைப் பார்த்த மூத்த அதிகாரி உணராமல் போயிருந்தால் வியப்பில்லை என்றது விசாரணைக் குழு.

புள்ளி வைத்த நாலு வரிகளில் அரைகுறை யோசனையை மறைத்துவிடலாம். தொடர்ச்சியாக எழுத உட்கார்ந்தால் ஓட்டை தெரிந்துவிடும். நல்ல குறிப்பு ஓரிரு நாளில் வராது, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும் என்கிறார் பெசோஸ். அதில் எழுதியவர் பெயர் இருக்காது. மொத்தக் குழுவின் சரக்காகவே அது மேசைக்கு வரும்.

முன்கூட்டியே அனுப்பிவிட்டால் என்ன? வேலைப் பளுவில் படிக்காமல் வந்து, படித்ததுபோல் தலையாட்டுவார்கள். அதனால்தான் அங்கேயே படிக்கும் ஏற்பாடு.

எல்லா அலுவலகத்துக்கும் ஆறு பக்கம் தேவைப்படாது. என்ன முடிவு எடுக்க வேண்டும், தகவல்கள் என்ன, மாற்று வழிகள் எவை, பொறுப்பு யாருக்கு என்று ஒரு பக்கம் போதும். வெறும் தகவல் பரிமாற்றம் என்றால் நின்றுகொண்டே முடித்துவிடலாம். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உட்கார்ந்து நடத்திய மீட்டிங்குகள் நின்று நடத்தியவற்றைவிட 34 சதவீதம் நீண்டன. முடிவுகளின் தரமோ கூடவில்லை.

இந்தியாவில் கம்பெனி இயக்குநர் குழு கூட ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், மினிட்ஸ் 30 நாளுக்குள் பதிவாக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். திங்கள்கிழமை காலை மீட்டிங்குக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. கூட்டுகிறவர்தான் கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த அழைப்பை அனுப்பும் முன், அங்கே முடிவாக வேண்டிய கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் அழைப்பை அனுப்பாதீர்கள்.