தெருவுக்குள் பேருந்து: தில்லியில் தீராத தகராறு

புதுதில்லி: 12 மீட்டர் நீளப் பேருந்து நுழைய முடியாத குடியிருப்புத் தெருக்களுக்கென்றே 9 மீட்டர் மின்சாரப் பேருந்துகளைத் தில்லி அரசு வாங்கியது. ஆம் ஆத்மி ஆட்சியில் "மொஹல்லா பேருந்து" எனத் திட்டமிடப்பட்டவை, பாஜக ஆட்சியில் "தேவி" என்ற பெயருடன் 2025 மே 2-ம் தேதி ஓடத் தொடங்கின. முதற்கட்டமாக வந்தவை 400.

இத்தகைய தடங்கள் வரும்போது குடியிருப்போர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. நடைபாதையற்ற தெருக்களில் முதியோரும் குழந்தைகளும் சாலையிலேதான் நடக்கின்றனர். சத்தமின்றி வரும் மின்சாரப் பேருந்து அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்குமா என்பதும் சரியான கேள்வியே. ஆனால் அந்த வழியை முதலில் அடைத்தவை இருபுறமும் நிற்கும் சொந்தக் கார்கள் அல்லவா?

தலைநகருக்கு இது புதிதல்ல. அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே 5.8 கி.மீ. தொலைவுக்கு 2008-ல் பேருந்துத் தனித்தடம் திறக்கப்பட்டபோது கார் வைத்திருப்போர் கொதித்தெழுந்தனர். அதற்கு எதிரான மனுவை 2012 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் 2016-ல் தடம் பெயர்த்தெடுக்கப்பட்டது. நீதிமன்றத்தில் வென்ற பேருந்து, அரசியலில் தோற்றது.

குடியிருப்புப் பகுதிகளில் வாகன நிறுத்தத்தை ஒழுங்குபடுத்த 2019-ம் ஆண்டு விதிகள் உள்ளன. குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கலந்து உள்ளாட்சி அமைப்புகள் திட்டம் வகுக்க வேண்டும். ஆனால் சங்கங்களில் இருப்போர் அப்பகுதியில் வசிப்பவர்கள் மட்டுமே. அந்த வீடுகளுக்குக் காலையில் பேருந்தேறி வரும் பணிப்பெண்ணும் காவலாளியும் அவற்றில் உறுப்பினர்கள் அல்லர்.