கிதாரின் வகையைக் கம்பிதான் சொல்லும்

அகூஸ்டிக் கிதார் வாங்கப் போனால் பேச்சு சீக்கிரமே மரத்துக்குப் போய்விடும். முதுகும் பக்கவாட்டும் ஈட்டி என்றால் ஒரு விலை, மஹோகனி என்றால் வேறு விலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டிக்குக் கிதார் உலகில் அத்தனை மவுசு. ஆனால் ஒரு வகையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய, கம்பிகள் எவ்வளவு விசையோடு இழுக்கின்றன என்று பார்ப்பதே சரியான வழி. கிளாசிக்கல் கிதாரின் ஆறு நைலான் கம்பிகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ எடைக்கு இணையான விசையில் இழுக்கும். எஃகுக் கம்பிகளில் அது 70 கிலோவைத் தாண்டும். மற்றதெல்லாம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்திலிருந்தே பிறக்கிறது.

கம்பி தனியாக அசைக்கும் காற்று சொற்பம். ஒலியைப் பரப்புவது மேற்பலகை. பலகை மெலிந்தால் நன்றாக அதிரும், மிக மெலிந்தால் கம்பி அதை வளைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் கிதார் செய்த அந்தோனியோ தெ தோரெஸ் மெல்லிய பலகைக்கு அடியில் விசிறிபோல் சிறு சட்டங்களை ஒட்டினார். அன்றைய குடல்நரம்புக்கு அது போதும். 1940களில் வந்த நைலானுக்கும் போதும். அந்தக் கிதாரில் எஃகுக் கம்பி மாட்டினால் பலகை உப்பும், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயரும். ஜெர்மனியிலிருந்து 1833இல் அமெரிக்கா போன கிதார் தயாரிப்பாளர் மார்ட்டின், சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக வைத்தார். அதுவும் குடல்நரம்புக்காகச் செய்ததுதான். எஃகைத் தாங்கும் என்பது பிறகு கிடைத்த லாபம். அந்தத் துணிவில்தான் உடலும் பெருத்தது. 1916இல் வந்த பெரிய வடிவத்துக்கு டிரெட்னாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரையே வைத்தார்கள். பாடகருக்குப் பின்னால் அடித்து வாசிக்க அது ஏற்றது. விரலால் மீட்டுபவர்களில் பலர் சிறிய உடலையே விரும்புகிறார்கள்.

பிளமென்கோ கிதாரும் கிளாசிக்கலும் ஒரே நைலானில் வேறு குரலில் பேசுகின்றனவே, அது பிளமென்கோவின் முதுகிலும் பக்கத்திலும் உள்ள சைப்ரஸ் மரத்தின் வேலை இல்லையா என்று கேட்கலாம். பிளமென்கோவின் கட்டுமானமே இலகுவானது, கம்பிகளும் விரற்பலகையை ஒட்டிக் கிடக்கும். பிளமென்கோவின் வெடிப்பொலிக்கு இவையே பெரிய காரணங்கள். முதுகு மரத்தைவிட மேற்பலகையே முக்கியம் என்பதற்கு, முதுகும் பக்கமும் காகித அட்டையாலான கிதார் ஒன்றை 1862இல் தோரெஸே செய்து காட்டினார். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதுகு, பக்க மரம் மட்டும் மாறிய ஆறு எஃகுக்கம்பி கிதார்களைக் கண்ணை மறைத்து வாசித்தவர்கள் ஏறக்குறைய ஒரே தரமாகவே மதித்தார்கள். அதற்காக மரமே பொருட்டில்லை என்று சொல்ல வரவில்லை. மேற்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்பது முக்கியம். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரியும் ரேகை உள்ளேயும் தொடர்ந்தால் முழு மரமாக இருக்கலாம், அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை.