கடிதம் எழுதிப் பழகிய கை

1962 இல் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்குக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவித்தார்கள். இதற்கு நீங்கள் தகுதியானவர்தானா என்று நிருபர்கள் கேட்டபோது, உண்மையைச் சொன்னால் இல்லை என்றார் அவர். அடக்கத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் ஆறு ஆண்டுகள் உயிரோடு இருந்தவர் ஒரு நாவல்கூட வெளியிடவில்லை. அவ்வளவு பெரிய பரிசே தர முடியாத தெம்பை, 'உன்னால் முடியும்' வகைப் புத்தகங்கள் தந்துவிடும் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இந்தச் சந்தேகம் அவருக்குப் புதிதும் அல்ல. 1938 இல் கலிபோர்னியாவின் லாஸ் காட்டோஸில் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். முந்தைய ஆண்டு வந்த 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நன்றாக விற்று, நாடகமாகவும் மேடையேறி, அவர் பெயர் பரவியிருந்த நேரம் அது. நாட்குறிப்பைப் புரட்டினால் அந்த மனிதர்தானா இவர் என்று தோன்றும். நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் ஏமாற்றிக்கொண்டு ஊரையும் ஏமாற்றுகிறேன் என்கிற ரீதியில் ஒரே புலம்பல். புலம்பி முடித்த கையோடு அன்றைய பங்கை எழுதிவிடுவார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 சொற்கள். மே மாதக் கடைசியில் தொடங்கிய நாவல் அக்டோபர் கடைசியில் முடிந்துவிட்டது.

அதே மே மாதத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தான் பிறந்த சலினாஸ் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து எழுதிய ஒரு முழுப் பிரதி, 60,000 சொற்களுக்குக் குறையாதது, கையில் இருந்தது. இது மோசமான புத்தகம் என்று சொல்லி அவரே அதை அழித்தார். இன்னொரு புத்தகம் எழுத முடியும் என்று அடிமனதில் தெரியாதவர் இப்படிச் செய்யமாட்டார். நாட்குறிப்பில் அழுதவரும் இவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

1951 இல் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுத உட்கார்ந்தபோது முறையை மாற்றினார். பெரிய நோட்டின் இடது பக்கத்தில், தன் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிசிக்கு முதலில் ஒரு கடிதம். அதில் பென்சில் பற்றி இருக்கும், தச்சு வேலை பற்றி இருக்கும், பிள்ளைகள் பற்றியும் இன்று எழுதப்போகும் அத்தியாயம் பற்றியும் இருக்கும். பேசிப் பேசிக் கை இளகியதும் வலது பக்கத்தில் நாவல். முடிந்தபின் தன் கையாலேயே செதுக்கிய மரப்பெட்டிக்குள் பிரதியை வைத்துக் கோவிசியிடமே கொடுத்தார். சுயசந்தேகத்துக்கு இவ்வளவு எளிய வைத்தியத்தை வேறு எழுத்தாளர் யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இடைசெவல் ஞாபகத்துக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலின் பிள்ளைகள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். கிட்டத்தட்ட ஒரே வயது. அழகிரிசாமி பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார், 1950களில் 'தமிழ் நேசன்' பத்திரிகைக்காக மலாயாவுக்கும் போனார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்க்கும் சம்சாரியாக இருந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடித்தவரில்லை. இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது தபால். நண்பர் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னாளில் புத்தகமாகவே கொண்டுவந்தார் கி.ரா.

அவருடைய கதைகள் அச்சேறத் தொடங்கியது 1950களின் கடைசியில். வயது முப்பத்தைந்தை ஒட்டியிருக்கும். தாமதம்தான். ஆனால் அந்தக் கதைகளில் தடுமாற்றம் இல்லை. கரிசல்காட்டுப் பேச்சை அச்சில் ஏற்ற அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. 1982 இல் அந்த வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே போட்டார். பட்டம் எதுவும் இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. தனக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் ஆள் யார் என்று தெரிந்தவரின் குரல் அந்தக் கதைகளுடையது. நண்பருக்கு எழுதியே பல வருடம் பழகிய கைக்கு, கதை எழுதும்போது மட்டும் வேறு மொழி எதற்கு?

புதிதாக எழுத வருபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் மாமா மாட்டிக்கொண்ட கதையை டீக்கடையில் ஒருவர் வயிறு குலுங்கச் சொல்லுவார். எழுதச் சொன்னால் 'கதிரவன் மேற்றிசையில் மறையும் அந்திவேளையில்' என்று ஆரம்பிப்பார். இரண்டாவது பத்தியில் பேனா நின்றுவிடும், தனக்கு எழுத்து வராது என்று தீர்ப்பும் எழுதிவிடுவார். கட்டுரை நோட்டிலிருந்து இரவல் வாங்கிய குரலில் யாரால்தான் நெடுநேரம் பேச முடியும்?

கேட்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவில் இளமையைக் கழித்துவிட்டுத் திரும்பிய ப. சிங்காரம், மதுரை 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959 இல் நூலானது. 1960களின் தொடக்கத்தில் எழுதி முடித்த 'புயலிலே ஒரு தோணி' அச்சாக 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலக்கிய நண்பர் வட்டம் என்று சொல்லிக்கொள்ள அவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. இன்று தமிழின் மகத்தான நாவல்களில் ஒன்றாகச் சொல்லப்படும் அதற்குப் பிறகு, 1997 இல் இறக்கும்வரை, மூன்றாவது நாவல் வரவில்லை. பத்து வருடம் பிரதியை வைத்துக்கொண்டு காத்திருந்தவரிடம் தன்னம்பிக்கை போதவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. தமிழ்ப் பதிப்புலகம் ஒழுங்காகப் பதில் போடும் பழக்கத்தைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டிருக்கலாம்.

எழுதும்போது எதிரே உட்கார்ந்து கேட்கும் அந்த ஒரு வாசகர் யாராக இருக்கலாம்? எதைக் காட்டினாலும் 'சூப்பர்' என்கிற அத்தை மகள் வேண்டாம். முதல் வரியிலேயே ஒற்றுப்பிழை தேடுகிற தமிழாசிரியரும் இப்போதைக்கு வேண்டாம். அவருக்கு வேலை பிறகு வரும். நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு மறுபடியும் மேடைதான். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்பவர், அலுப்புத் தட்டினால் அதையும் மறைக்காமல் சொல்பவர், ஒருவர் கிடைத்தால் தாராளம்.

எழுத வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. சொல்ல நினைக்கும் சம்பவத்தைத் தாளில் தொடங்காதீர்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புங்கள். மறுநாள் அதைப் போட்டுக் கேட்டு, 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மிச்சத்தை அப்படியே எழுதுங்கள். சிலருக்குத் தங்கள் குரலையே கேட்கப் பிடிக்காது; அவர்கள் பழையபடி இன்லண்ட் லெட்டர் வாங்கிக்கொள்ளலாம், தபால் ஆபீஸில் இன்னும் கிடைக்கிறது.