ஒரு நாள் பிந்திப் பிறந்தால் அகதி!

அக்காள் இந்தியப் பிரஜை. கூடப் பிறந்த தம்பி அகதி. இருவரும் பிறந்தது தமிழ்நாட்டில். இப்படியும் ஒரு வீட்டில் நடக்குமா? நடக்கும்!

சென்னையில் மின்சார ரெயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. புழல் காவாங்கரையில் இன்னொன்று.

இலங்கையில் போர் மூண்டது 1983-ல். ஓய்ந்தது 2009 மே மாதம். குண்டுச் சத்தமே கேட்காத பிள்ளைகளை அந்தப் போர் இன்னும் விடவில்லை.

படகில் வந்தார்கள்

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பினால் போதும் என்று படகு ஏறினார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். மண்டபத்தில் பெயர் பதிந்து, ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். 2021-ல் அரசுக் கணக்குப்படி முகாம்களில் 58 ஆயிரம் பேருக்கு மேல். வெளியே, போலீசில் பதிவு செய்து வாழ்ந்தவர்கள் 34 ஆயிரம்.

வீட்டில் 'ஓம்', வெளியே 'ஆமா'

அப்பா பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போவார். அம்மா சொதி வைப்பாள். பிள்ளை வீட்டுக்குள் 'ஓம்' என்று சொல்லும். பள்ளிக்கூடத்தில் 'ஆமா' என்று மாற்றிக்கொள்ளும். சொந்த ஊர் எதுடா என்று வாத்தியார் கேட்டால் "திரிகோணமலை" என்று பதில் வரும். பார்த்தது கிடையாது!

கணக்கெடுப்பு நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி கூடியது. "முகாம் ஆளா?" என்ற கேள்வி பால்குடி மறக்காத பிள்ளையையும் துரத்தியது.

ஜூலை 1

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அன்றைக்கோ, அதற்குப் பிறகோ பிறந்தால் தாய், தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் சட்டம் இன்னும் இறுகியது. ஜூன் 30 ராத்திரி பிறந்த குழந்தைக்கு ஒரு நியாயம், விடிந்து பிறந்த குழந்தைக்கு வேறு நியாயம்!

முதல் ரகத்துக்கும் சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். கோர்ட்டு படி ஏறினார். "இவர் இந்தியரே, பாஸ்போர்ட் கொடுங்கள்" என்ற உத்தரவு 2022-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளையில் இருந்து வந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டார், பிறந்து சுமார் 38 வருடம் கழித்து!

தம்பிகளுக்கு?

தம்பிகளுக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. இலங்கை இல்லை.

2021-ல் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது. ரேஷன் உண்டு, உதவித்தொகை உண்டு, படிப்பும் உண்டு. படித்து முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போடும்போது 'எந்த நாட்டுப் பிரஜை?' என்று ஒரு கட்டம் வரும். பிள்ளையின் பேனா அங்கே நின்றுவிடுகிறது.