எப்போதோ தோன்றும் பிழை



அடியோடு நின்றுபோன கடிகாரத்தைப் பழுதுபார்ப்பது எளிது. பத்து நாள் ஒழுங்காக ஓடிப் பதினோராம் நாள் மட்டும் நிற்கின்ற கடிகாரமே பழுதுபார்ப்பவனைச் சோதிக்கும். அவன் கையில் எடுத்தவுடன் அது ஓடத் தொடங்கிவிடும். கணினிக்கும் இந்நோய் உண்டு. எங்கள் போடிநாயக்கனூரில் இன்று ஏலக்காய் ஏலமே கணினித் திரையில் நடைபெறுகிறது. கணினி திடீரென நின்றால், அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோம், சரியாகியும் விடுகிறது. ஆனால் காரணம் அகன்றதா என்று நாம் கேட்பதில்லை.

கணினியில் பல பணிகள் ஒருங்கே நடப்பனபோல் தோன்றும். ஒற்றைச் செயலகம் உடைய கணினி உண்மையில் ஒரு கணத்தில் ஒரு பணியையே செய்யும். எதனை முன் விடுவது, எதனை நிறுத்திவைப்பது என்று முறைவகுப்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. அதனைக் கெர்னல் என்பர்.

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கிற்று. வானிலை அளவைகளைத் திரட்டத் தொடங்கிய சில நாட்களில் அதன் கணினி இடையிடையே தானே நின்று, புதிதாகத் தொடங்கலாயிற்று. சேர்த்த செய்திகள் அழியவில்லை. எனினும் அன்றன்றைக்கு எஞ்சிய வேலை மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. அதுவோ ஆள் அனுப்பிப் பார்க்க இயலாத இடம். ஒளியின் வேகத்தில் செல்லும் செய்தியே அங்குப் போய்ச்சேரப் பத்து நிமிடங்களுக்கு மேலாகும்.

இக்கோளாறு பூமியில் நடந்த சோதனைகளிலேயே தலைகாட்டியிருந்தது; தேடியபோது மீண்டும் வரவில்லை. இம்முறை, கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துப் பொறியாளர்கள், கலத்தை ஒத்த கணினியில் அதே வேலைகளை ஓட்டினர். எப்பணி எப்போது தொடங்கிற்று, எப்போது விலகிற்று, எதற்காகக் காத்தது என்பனவற்றை வரிசையாகப் பதிவுசெய்தனர். விடையை மட்டும் பாராமல் கணக்கின் வழியையும் எழுதச் சொல்லும் ஆசிரியர் முறையே இது. 18 மணி நேரத்திற்குள் பிழை அகப்பட்டது.

அதனை எங்கள் மலைப்பாதையைக் கொண்டு விளக்குகிறேன். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையை எண்ணிக்கொள்ளுங்கள். சுமைகாரர் ஒருவர் மருந்துப் பெட்டியின் ஒரே சாவியை மடியில் முடிந்துகொண்டு இறங்குகிறார். கீழே மருத்துவர் அதற்காகக் காத்திருக்கிறார். பொதிசுமக்கும் கோவேறு கழுதைகளுக்குச் சுமைகாரர் வழிவிட வேண்டும். மருத்துவருக்குக் கழுதைகள் வழிவிட வேண்டும் என்பது பாதையின் முறை என்று கொள்வோம். அந்நேரம் பார்த்துக் கழுதைகள் வரிசையாக ஏறிவந்தால் என்ன ஆகும்? சுமைகாரர் ஒதுங்கியே நிற்பார். எல்லாருக்கும் முந்தியவரான மருத்துவர் எல்லாருக்கும் பிந்தியவராகிவிடுவார். இங்கே எவரும் முறை தவறவில்லை; ஆயினும் காரியம் கெட்டது.

பாத்ஃபைண்டரில் வானிலைப் பணியே சுமைகாரர். செய்திகளைப் பகிர்ந்தளிக்கும் முதன்மைப் பணியே மருத்துவர். இடைநிலைப் பணிகளே கழுதைகள். முதன்மைப் பணி குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஆபத்து என்று கருதிக் கணினியை மீண்டும் தொடக்கிவிட்டது. மூன்றும் ஒரு கணத்தில் கூடுவது அரிது. ஆகவேதான் பிழை எப்போதோ ஒருமுறை தோன்றியது.

தீர்வு யாது? மருத்துவர் காத்திருக்கும்வரை, சாவி வைத்திருப்பவருக்கு மருத்துவரின் முன்னுரிமையையே அளித்துவிடுவது. கழுதைகள் ஒதுங்கும், சாவி வந்துசேரும். இவ்வசதி அந்த இயங்குதளத்தில் முன்னரே இருந்தது. அவ்விடத்தில் இயக்கப்படாமல் இருந்தது. பூமியிலிருந்து ஆணை அனுப்பி அதனை இயக்கினர், நோய் தீர்ந்தது.

இவ்வழியை ஆராய்ந்து 1990 இல் கட்டுரை வெளியிட்ட மூவருள் ஒருவர், கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற ரகுநாதன் ராஜ்குமார். மற்றவர் லூயி ஷா, ஜான் லெஹோஸ்கி. 1997 டிசம்பரில் ஓர் அறிவியல் மாநாட்டில் இந்த வரலாறு கூறப்பட்டபோது, அங்கிருந்த இம்மூவரையும் அவையினர் கைதட்டிப் பாராட்டினர்.

எப்போதோ வரும் பிழையைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். அதற்கும் காரணம் உண்டு; அக்காரணங்கள் ஒன்றுகூடும் வேளைதான் அரிது. ஆதலின், அடுத்த முறை கணினி நின்றால், அதனை மறுபடி போடுமுன் நேரத்தையும், அப்போது நடந்த வேலைகளையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். பழுதுபார்க்க வருபவருக்கு அத்தாளினும் சிறந்த உதவி வேறில்லை.